எட்டு விரல் மாளிகை

திரு வளர்க. செங்கோல் சாயாது நிற்க. வேண்டிய நாளில் மழை பெய்க. வேண்டாத நாளில் பெய்யாதொழிக.

கழிகள் சூழ, உப்புக் குவைகள் வெயிலில் கண்கூச விளங்கும் கழிமுனை நாட்டில், தந்தையார் திருமாளிகையில் எழுந்தருளியிருக்கும் அகன்மாட நாட்டுப் பட்டத்தரசியார், கழிமுனை வேந்தரின் தலைமகளார், கொடையில் குறைவு அறியாதவரும் சினத்தில் சொற்சுருக்கம் உடையவருமான வெண்ணிநங்கைத் தேவியாரின் திருவடிகளுக்கு, அகன்மாட நாட்டுப் பேரமைச்சன் நாகன் சாத்தன் தலை தாழ்த்தி எழுதி விடுக்கும் ஓலை.

தேவியாரின் நலமும், தந்தையாரின் நலமும், அந்நாட்டு உப்பளங்கள், படகுகள், யானைகள் ஆகியவற்றின் நலமும் அறிய அடியேன் மரபுப்படி வினவுகிறேன். இங்கே மன்னர் நலம். நாடு நலம். யானைகளும் நலமே, ஆயினும் அவை நிற்பதற்கு இடமில்லை. அதன் காரணம் கீழே விரியும்.

இவ்வோலை, ஆயிரங்கால் மாடமுடையாரும், இரு கரையும் காத்த பெருமானும், பகைவர் கோட்டை ஏழு கொண்டாரும், ஒற்றையறை உடையாருமாகிய எம் மன்னர் கொற்றவேள் பெருமானின் ஆணைப்படி எழுதப்படுகிறது. இறுதியாகச் சொன்ன பட்டம் தேவியாருக்குப் புதிதாயிருக்கும். முன்னைய பட்டங்கள் பிறரை வென்று பெற்றவை. இஃது எவரையும் வெல்லாமல் பெற்றது. இதனை ஓலையில் எழுதுதல் தகாது என்று அடியேன் எடுத்துரைத்தேன். மன்னர் கேட்கவில்லை. ஆகவே எழுதியுள்ளேன்.

தேவியார் விடுத்த ஓலை முறைப்படி வந்து சேர்ந்து, அவையில் முறைப்படி படிக்கப்பட்டது. தம் ஆடைகளையும் யாழையும் பேசாத கிளியையும் அனுப்பிவைக்குமாறும், தம் எஞ்சிய வாழ்நாளைத் தந்தை நாட்டிலேயே கழிக்க மன்னர் விடை தருமாறும் அதில் கேட்டிருந்தீர்கள். காரணமும் கூறியிருந்தீர்கள். அகன்மாட அரண்மனையில் மனைவி கணவனைக் காண வேண்டுமாயின், அவள் தோழியிடம் சொல்ல, தோழி வாயிற்காவலரிடம் சொல்ல, வாயிற்காவலர் கட்டியங்காரரிடம் சொல்ல, அவர் நல்ல வேளை பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றும், எக்காளம் ஊதினால் மட்டும் காட்சி தருபவர் கணவர் அல்லர், உற்சவமூர்த்தி என்றும் எழுதியிருந்தீர்கள். அவ்வரி படிக்கப்பட்டபோது அவையில் ஒருவரும் சிரிக்கவில்லை என்று அடியேன் உறுதி கூறுகிறேன். படைத்தலைவர்க்கு இருமல் வந்தது, அது வேறு.

மறுமொழி தாமதித்ததற்குக் காரணம் அலட்சியம் அன்று; ஒரு வீடு. அடியேனின் ஓலைகளைத் தேவியார் கையில் தருமுன் கழிமுனை அமைச்சர்கள் பிரித்துப் படிப்பது வழக்கம் ஆதலின், அவர்களுக்கும் விளங்கும்படி எம் நாட்டு வழக்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எம் நாட்டில் எந்தக் கட்டடமும் முதலில் காகிதத்தில் கட்டப்படும். கடல் வணிகர் கொண்டுவரும் காகிதத்தை யாம் எழுதப் பயன்படுத்துவதில்லை. ஒரு மழைக்குத் தாங்காத பொருளில் அரசாணை எழுதுவது அறிவுடைமை ஆகாது. வீடு கட்டுவதற்கு மட்டுமே அதனைக் கொள்கிறோம். காகித வீட்டின் மேல் மன்னரின் முத்திரை விழுந்துவிட்டால், காகிதத்தில் ஒரு விரல் இருப்பது கல்லில் ஒரு முழமாக எழும். முத்திரை விழுந்த வீட்டைக் குறித்து எவரும் ஐயம் வினவுதல் ஆகாது. முன்னொரு காலத்தில் தச்சர்கள் ஐயம் வினவிக்கொண்டும் அமைச்சர்கள் விளக்கம் சொல்லிக்கொண்டும் இருந்தமையால் நகர மதில் ஒன்று இரண்டு தலைமுறை எழும்பாமல் கிடந்தது. அதன்பின் வந்த சட்டம் இது. நல்ல சட்டம். இவ்வளவு நடந்த பின்னும் அடியேன் அதனை ஆதரிக்கிறேன்.

தேவியார் படகேறிச் சென்ற பின்னர் மன்னர் வழக்குக் கேட்டார், வரி குறைத்தார், கோயிலுக்குச் சென்றார். ஒரு கடமையிலும் வழுவவில்லை. எஞ்சிய பொழுதில் அரியணை மண்டபத்தின் நடுவே தரையில் அமர்ந்து காகிதம் வெட்டினார். முதலில் யாம் அதனைப் போர்த் திட்டம் என்று கருதினோம். பின்னர் அதில் அடுப்பு இருப்பதைக் கண்டோம்.

அது எட்டு விரல் நீளமும் ஆறு விரல் அகலமும் உடைய வீடு. ஓர் அறை. ஒரு கதவு, ஒரு பலகணி, ஓர் அடுப்பு, இருவர் படுக்கும் பாய், இரண்டு உண்கலம், ஒரு விளக்கு. சுவரில் ஒரு தட்டு. எல்லாம் காகிதம், எல்லாம் கஞ்சிப் பசை. அரச விரல்கள் வாளுக்குப் பழகியவை, பசைக்குப் பழகியவை அல்ல. ஆதலின் ஒரு சுவரை நிறுத்தினால் மற்றொரு சுவர் கையோடு வந்தது. கோட்டை ஏழு கொண்டவர் ஒரு கதவை ஒட்ட முடியாமல் வியர்த்ததை அடியேன் கண்ணால் கண்டேன். ஆயினும் விடவில்லை. ஒருவாறு வீடு நின்றபின், பலகணி வழியே மெல்ல ஊதி, உள்ளே விளக்கின் காகிதச் சுடர் அசைகிறதா என்று பார்த்தார். அசைந்தது. தேவியார் சென்ற பின் மன்னர் முகத்தில் அன்றுதான் மகிழ்ச்சி கண்டேன்.

இத்தகைய சிறு வீட்டில் என்ன கவர்ச்சி என்று தேவியார் வினவலாம். அடியேனும் வினவினேன். இளமை முதல் இவ்வரண்மனையில் பணிபுரிகிறேன். இன்றும் சில வாயில்கள் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாது. போன கோடையில் நெய்க் கிடங்கைத் தேடிப் போய் யானை வைத்தியர் வீட்டில் வெளிப்பட்டேன். அச்சிறு வீட்டையோ ஒரே பார்வையில் முழுதும் கண்டுவிடலாம். ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. அமைச்சர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தனர். பார்ப்பவர் எவராயினும் முதலில் எண்ணுவது தம் தலையணையை எங்கே வைப்பது என்பதே. அடியேன் தென்மேற்கு மூலையைத் தேர்ந்தேன். அங்கே காற்று வரும்.

இனி நேர்ந்ததைச் சொல்கிறேன். கூரை ஒட்டிய அன்று, பசை காயும்வரை அதனை அழுத்தி வைக்கக் கனமான பொருள் ஒன்று வேண்டியிருந்தது. மன்னரின் கைக்கு எட்டிய தொலைவில் கனமாக இருந்தது அரச முத்திரை ஒன்றே. காலையில் ஆணைகளுக்கு இட்ட மை அதில் இன்னும் காயாதிருந்தது. மன்னர் அதனைக் கூரைமேல் வைத்து, வீட்டை அருகில் விரித்திருந்த அரண்மனை வரைபடத்தின்மேல் ஏற்றிவிட்டு, உணவுக்குச் சென்றார். வரைபடத்தில் வீடு நின்ற இடம் யானைக் களம்.

மன்னர் திரும்பி வருமுன் முத்திரைக் காவலர் வந்தார். முத்திரையைக் கண்டார், முத்திரை விழுந்த வீட்டைக் கண்டார், வீடு நிற்கும் இடத்தைக் கண்டார். முத்திரையை எடுத்துப் பேழையில் வைத்துவிட்டுத் தம் கடமையைச் செய்தார். வீடு அப்பொழுதே பெருந்தச்சர் உதியன் கோவனின் பட்டறைக்குச் சென்றது. மன்னரோ தம் வீட்டைக் காற்று கொண்டுபோயிற்று என்று கருதி, ஒருவரிடமும் சொல்லாமல், வேறொன்று வெட்டத் தொடங்கினார்.

பெருந்தச்சர் ஐயம் வினவும் இயல்பினர் அல்லர். கூரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, கல்லிலும் சாய்த்தார். வடசுவரில் பசை வழிந்து உறைந்திருந்தது. சுண்ணச்சாந்தால் அவ்வழிவை அப்படியே செய்து வழவழப்பாகப் பூசினார். வாசற்படியருகே பசையில் ஒரு கட்டெறும்பு ஒட்டி உயிர் விட்டிருந்தது. அதனைக் கருங்கல்லில் பூனையளவு செதுக்கி, ஒரு கால் மடங்கியிருந்தமையால் மடக்கியே வைத்தார். யானைகள் ஆற்றங்கரைக்கு அனுப்பப்பட்டன. அடியேன் அவ்வழியே சென்றபோது, எறும்பு எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். சட்டம் நினைவுக்கு வந்தது. நல்ல வேலைப்பாடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யானைப் பாகர்கள் ஆற்றங்கரைக் கொசு குறித்து முறையிட்ட பின்னரே செய்தி மன்னர் செவிக்கு எட்டிற்று. மன்னர் யானைக் களத்திற்கு எழுந்தருளினார். இடிப்பதற்கான ஆணையை அடியேன் எழுதி ஆயத்தமாகக் கையில் வைத்திருந்தேன். மன்னர் வீட்டைப் பார்த்தார். எறும்பைப் பார்த்தார். கதவு மூன்றே முழ உயரம் ஆதலின் மகுடத்தைக் கழற்றி அடியேன் கையில் தந்துவிட்டு, குனிந்து உள்ளே சென்றார். பின்னர் மழை வந்தது. மன்னர் வெளியே வரவில்லை. மழை நின்றது. அப்பொழுதும் வரவில்லை.

அடியேனும் மெய்க்காவலரும் நனைந்தபடி வெளியே நின்றோம். உள்ளே ஒருவருக்கு மேல் இடமில்லை என்பதன்று. இருவர்க்கு இடம் உண்டு. அந்த இரண்டாம் இடத்தில் அடியேனை உட்காரச் சொல்ல மன்னர் இசையவில்லை. இன்றுவரை எவரையும் உட்காரச் சொல்லவில்லை.

மன்னர் அங்கேயே தங்கிவிட்டார். தம் சோற்றைத் தாமே சமைக்கிறார். முதல் நாள் அது கருகிற்று, மறுநாள் குழைந்தது, அதன்பின் சோறாயிற்று. மடைப்பள்ளியிலிருந்து வரும் உணவு அத்தனை வாயில்களையும் கடந்து மன்னர்முன் வருமுன் ஆறிவிடும் என்பதைத் தேவியார் அறிவீர்கள். முடிசூடிய பின் மன்னர் சூடான சோறு உண்டது அவ்வீட்டில்தான். நாக்கைச் சுட்டுக்கொண்டார். அரண்மனை மருத்துவர் வந்து பலகணி வழியே நாக்கைப் பார்த்துவிட்டு, ஊதி உண்ணும்படி மருந்து சொன்னார்.

அரசுப் பணிகள் தடையின்றி நடக்கின்றன. அரசவை வெளியே குடைகளின் கீழ்க் கூடுகிறது. மன்னர் கதவருகே அமர்ந்து கேட்கிறார். வடநாட்டுத் தூதர் வந்தபோது அவர்க்கு இருக்கை இல்லாமையால் எறும்பின்மேல் அமர்த்தப்பட்டார். எம் நாட்டில் அஃது உயர்ந்த மரியாதை போலும் என்று எண்ணி மகிழ்ந்தார், யாமும் மறுக்கவில்லை. வெயில் ஏற ஏற எறும்பும் சூடாகியமையால், நெடுங்காலம் இழுபறியாகக் கிடந்த எல்லை உடன்படிக்கை அன்று முற்பகலிலேயே முடிந்தது. இதனை அச்சிறு வீட்டின் நன்மையாக அடியேன் கொள்ளவில்லை. வெயிலின் நன்மையாகவே கொள்கிறேன்.

நகரிலோ காகிதம் கிடைப்பதில்லை. படைத்தலைவர் ஒரே குதிரைக்குரிய இலாயத்தோடு ஒரு வீடு செய்து, குதிரையைச் சரியாக வெட்ட வராமல் பூனை என்று சொல்லி வருகிறார். மாடமாளிகை உடையவர் எல்லோரும் அமர்ந்து ஓரறை வீடு ஒட்டுகின்றனர். ஓரறை வீட்டில் பிள்ளை குட்டிகளோடு குடியிருப்போர் வழியில் நின்று இதனைப் பார்த்துவிட்டுத் தம் வேலைக்குப் போகின்றனர். அடியேனும் ஒன்று செய்திருக்கிறேன். அஃது அரசாங்க ஆய்வின் பொருட்டு. அதில் ஊஞ்சல் உண்டு.

ஆயினும் அடியேன் என் கடமையில் தவறவில்லை. மன்னர் அரண்மனைக்குத் திரும்ப வேண்டும் என்று மும்முறை விண்ணப்பித்தேன். இவ்வளவு சிறிய வீட்டில் கணவன் மனைவியர்க்குள் பூசல் வந்தால் சினந்து போய் உட்கார ஓர் இடமும் இல்லையே என்று எடுத்துரைத்தேன். அரண்மனையில் அத்தகைய இடங்கள் மிகுதியாக இருந்தமையாலேயே எம் பூசல்களில் ஒன்றுகூட முடியவில்லை என்று மன்னர் அருளினார். எக்காளமின்றி அரசியாரிடம் செல்லுதல் மரபன்று என்றேன். அதற்கு மன்னர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: யாம் செல்லுமுன் எக்காளம் சென்றுவிடும், அது கேட்டு அவர் எழுந்து அரசியாகிவிடுவார், எக்காளத்திற்கு முன் அங்கே அமர்ந்திருந்தவரை யாம் ஒருநாளும் கண்டதில்லை, அவரைக் காண விரும்புகிறோம்.

அதன்பின் அடியேன் நான்காம் முறை விண்ணப்பிக்கவில்லை. அமைச்சனாயிருந்து இத்தனை ஆண்டுகளில் இத்தகைய நிலை வந்ததில்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். சுவரில் ஒரு தட்டு என்று மேலே எழுதினேன். அதனை எவ்வளவு உயரத்தில் ஒட்டுவது என்று அறிய, தேவியார் கை உயர்த்தினால் எதுவரை எட்டும் என்று மன்னர் அந்நாளில் வினவியிருந்தார். தையற்காரர்க்குத் தேவியாரின் தோளளவு தெரிந்திருந்தது. பொற்கொல்லர்க்கு மணிக்கட்டின் அளவு தெரிந்திருந்தது. செருப்புத் தைப்பவர்க்குப் பாதம் தெரிந்திருந்தது. கை எதுவரை எட்டும் என்பது அரண்மனையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏனெனில் தேவியார் ஒரு பொருளைத் தாமே எட்டி எடுக்க யாம் எவரும் ஒருநாளும் விட்டதில்லை. மன்னர்க்கும் தெரியவில்லை. அவர் காகிதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்துவிட்டு, பின்னர் உத்தேசமாக ஓரிடத்தில் ஒட்டினார். அப்போது அடியேனுக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அமைச்சர் ஓலையில் வருத்தம் எழுதும் வழக்கமில்லை. எழுதிவிட்டேன்.

தேவியார் வாராவிடின் வீட்டை இடித்து யானைகளை அழைத்துக்கொள்ளலாமா என்றும் வினவினேன். மன்னர் விளக்குத் திரியைத் தூண்டினார்.

இனி ஆணைகள். தேவியார் கேட்ட ஆடைகளும் யாழும் கிளியும் இவ்வோலை வரும் படகிலேயே வருகின்றன. அவற்றை நிறுத்திவைத்தால் தேவியார் திரும்புதல் கூடும் என்று அடியேன் யோசனை சொன்னேன். அது சிறுமை என்று மன்னர் கடிந்துகொண்டார். கிளி முன்போல் பேசாத கிளி அன்று. தாங்கள் சென்றபின் அது எக்காளம் போல் ஒலிக்கக் கற்றுக்கொண்டது. இதற்கு யாரும் பொறுப்பல்லர்.

தேவியார் கேட்ட விடையைப் பற்றி: திரும்பி வருக என்று அரசியார்க்கு ஆணையிடலாகாது என்றும், வேண்டிக்கொள்ளவும் தமக்குச் சொல் வரவில்லை என்றும் மன்னர் கூறினார். ஆனால் கட்டளை இல்லாத ஓலை அரச ஓலை ஆகாது. ஆகவே மன்னர் இக்கடைசி ஏட்டின் கோடியில் தம் முத்திரையை முதலிலேயே இட்டு, கட்டளையைத் தேவியாரே எழுதிக்கொள்வாராக என்று பணித்தார். தாங்கள் எழுதுவது எதுவாயினும் எவரும் ஐயம் வினவாமல் நிறைவேற்றப்படும். கழிமுனையிலேயே இருப்பேன் என்று எழுதினால் அதுவே சட்டம். மன்னரும் அதனை மீறார். யாம் எழுதியதை எழுதியபடி செய்பவர்கள் என்பதற்கு யானைக் களத்தில் சான்று நிற்கிறது.

இக்கடைசி ஏடு முழுவதையும் தேவியார்க்கென வெறுமையாக விடும்படி மன்னர் பணித்திருந்தார். அடியேன் எழுதிக்கொண்டே வந்து இதிலும் புகுந்துவிட்டேன். முதுமையில் எழுத்தாணி நிற்பதில்லை என்று மன்னரிடம் சொல்லியிருக்கிறேன். தங்களிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை, வேண்டுமென்றேதான் எழுதினேன். இப்பொழுது மிஞ்சியிருப்பது நான்கு விரல் இடம். பிரிந்திருப்பதாயின் காரணங்கள் எழுத வேண்டும்; அதற்கு இங்கே இடம் போதாது. வருவதாயின் காரணம் எழுத வேண்டியதில்லை. அதற்கு இடம் உண்டு.

எழுத்தாணி ஓலைக்கயிற்றில் கட்டப்பட்டுள்ளது. படகோட்டி தேவியார் எழுதி முடிக்கும்வரை துறையில் காத்திருப்பான். நாகன் சாத்தன் கையெழுத்து. கொற்றவேள் பெருமான் முத்திரை.

கட்டளை: